இரண வைத்தியம் தந்த கிறீன்

ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்றால் திருகோணமலைத் துறைமுகத்தின் நீர்ப்பரப்புத் தெரியும். என் தந்தையார் தம் இறுதி நாட்களை அம்முற்றத்திலே ஒரு சாய்மனைக் கதிரையிற் கழித்தார். நெடுநாள் நீரிழிவுடையவர். செருப்பின் ஆணி பெருவிரலைக் குத்தியதை அவர் உணரவேயில்லை. விரல் கறுத்த பின்னரே நாங்கள் கண்டோம்.

அவரைப் பார்த்த மருத்துவர் தமிழறியாதவர். காங்கிரீன் என்ற சொல்லைப் பலமுறை சொல்லி, முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட வேண்டும் என்றார். இடைநின்று மொழிபெயர்த்தவர், புண் அழுகிவிட்டது என்று மட்டும் எங்களுக்குச் சொன்னார். புண்ணென்றால் ஆறும் என்பது நம்மவர் அநுபவம். மருந்து கட்டிப் பார்க்கலாம் என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். அந்த முடிவில் எனக்கும் பங்குண்டு. அப்போது நான் பண்டிதர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். சொற்பொருள் அறிந்தவன் என்று வீட்டார் என்னையே கேட்டனர்.

பல்லாண்டுகளின் பின், சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவரின் வரலாற்றைக் கற்றபோது, அன்று எங்களிடம் இல்லாதிருந்தது எது என்பது எனக்கு விளங்கிற்று.

கிறீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் மசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரிற் பிறந்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். ஈதரால் மயக்கி நோவின்றி அறுவை செய்யலாம் என்பதைப் பொஸ்டன் நகர மருத்துவர்கள் உலகுக்குக் காட்டியது 1846இல். அடுத்த ஆண்டே கிறீன் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்துவிட்டார். சமயப் பணிக்கு வந்தவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை, அவரும் மறைத்தவரல்லர். 1848இல் மானிப்பாயில் அமர்ந்து நோயாளரைப் பார்க்கவும் மாணவருக்கு மருத்துவம் கற்பிக்கவும் தொடங்கினார்.

முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆனால் ஆங்கிலத்திற் கற்றவர் உத்தியோகத்தை நாடிச் செல்ல, கிராமத்து நோயாளி பழைய நிலையிலேயே கிடந்தான். 1857இல் தாயகம் சென்று 1862இல் திரும்பிய கிறீன், அதன்பின் தமிழிலேயே மருத்துவம் புகட்டினார். மாணவர் தமிழர் உடையிலேயே இருத்தல் வேண்டும் என்பதிலும் பிடிவாதமாயிருந்தாராம். அவரிடம் கற்று வெளிவந்த மருத்துவர் 60 பேருக்கு மேற்பட்டவர்.

கற்பிக்க நூல் வேண்டுமே! மாணவரையும் துணைக்கொண்டு அவரே ஆக்கினார். அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் என்று பெயர்கள் தொடர்கின்றன. தமிழில் உள்ள சொல்லை முதலில் தேடுவார். கிடையாதபோது வடமொழியை நாடுவார். அதுவும் உதவாவிடின் ஆங்கிலச் சொல்லைத் தமிழொலிக்கு இசைய ஆக்கிக்கொள்வார். அங்காதிபாதம் என்ற பெயரைக் கேட்டவுடன் நம் புலவர்களின் கேசாதிபாதம் எனக்கு நினைவுக்கு வரும். உடற்கூற்று நூலுக்குப் பிரபந்த வாடை வீசும் பெயரை இட்டவரின் செவி நல்ல தமிழ்ச்செவி என்பது என் துணிபு.

இந்நூல்களுள் என் மனத்தை விட்டகலாதது 1867இல் வெளிவந்த இரண வைத்தியம். துரூயிற் என்னும் ஆங்கில மருத்துவரின் அறுவை நூலைத் தழுவியது அது. மூலநூலில் உடற்பகுதி உயிரிழந்து போதலைக் குறித்துத் தனி அத்தியாயமே உண்டு. அதே 1867இல் கிளாஸ்கோவில் லிஸ்டர், காபாலிக் அமிலத்தாற் காயத்தைக் காக்கும் முறையை வெளியிட்டார். அறுவை செய்த இடமே அழுகி நோயாளி மடிவது மேனாட்டு மருத்துவமனைகளிலும் அன்று வழக்கமாயிருந்தது.

இங்கே சொல்லைச் சற்று ஆராய வேண்டும். காங்கிரீன் என்பது புண்ணன்று, சாவு. குருதி செல்லும் குழாய் அடைபட்டால் அப்பகுதித் தசை இறக்கிறது. இறந்த தசையில் நுண்ணுயிர் பெருகாவிடின் அது வற்றிச் சுருங்கிக் கருவாடு போலாகும். உயிருள்ள தசைக்கும் அதற்கும் இடையே மெல்ல ஓர் எல்லைக்கோடு தோன்றும். அது தெளியும்வரை மருத்துவர் காத்திருத்தலும் கூடும். நுண்ணுயிர் பெருகினாலோ அவ்விடம் வீங்கி, ஈரமாகி, நாறும், நஞ்சு குருதியிற் கலந்து உடல் முழுதும் பரவும், காத்திருக்கப் பொழுதில்லை. மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர் ஆழ்ந்த காயத்தினுட் புகுந்து வாயுவைப் பிறப்பிப்பதும் உண்டு. அப்போது தோலைத் தொட்டால் உள்ளே நொறுநொறுக்கும். சில மணி நேரத்தில் அது ஓர் உறுப்பையே கொண்டுபோய்விடும். நீரிழிவு குழாயை ஒடுக்குவதோடு நரம்பையும் மழுக்குகிறது. ஆதலால் ஆணி குத்தினும் நோவதில்லை. இக்காலத்தில் அடைபட்ட குழாயைத் திறக்க வழியுண்டு. நுண்ணுயிரைக் கொல்லும் மருந்தும் உண்டு. ஆயினும் இறந்த தசை உயிர்ப்பதில்லை.

புண் அழுகிவிட்டது என்றார் மொழிபெயர்த்தவர். விரல் இறந்துவிட்டது, காலும் இறந்துகொண்டிருக்கிறது என்று சொல்லியிருந்தால் நாங்கள் வண்டியைத் திருப்பியிருக்கமாட்டோம். இரண்டும் எளிய தமிழ்தான். என் தந்தையார் 22ஆம் நாள் காய்ச்சலில் அறிவிழந்து, மறுநாள் விடியுமுன் காலமானார்.

கிறீன் 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டு மீண்டும் வூஸ்டர் சென்றார். உடல் தளர்ந்திருந்தும் எழுத்தை விடவில்லை. அவர் அங்கிருந்து செய்த நூல்களும் இங்கே அச்சேறின. மருந்துப் பொருள்களைக் கூறும் இந்து பதார்த்த சாரம் 1884இல் வந்தது. அவ்வாண்டு மே 28ஆம் நாள் அவர் இறந்தார். தமிழருக்கு மருத்துவப் பணி செய்தவர் என்பதைத் தம் கல்லறையிற் பொறிக்குமாறு கேட்டிருந்தார், அவ்வாறே பொறித்தனர்.

எனக்கும் நீரிழிவு கண்டு ஆறாண்டாகிறது. கல்லூரி மாணவரின் கட்டுரைகளைத் திருத்தி முடித்தபின், நாள்தோறும் இரவில் அந்தச் சாய்மனைக் கதிரையில் அமர்ந்து, விளக்கை அருகே இழுத்து, இரு பாதங்களையும் விரலிடுக்கு விடாமற் பார்க்கிறேன்.