திடலோரம் நின்று திறமையைக் கண்டவர்

ஜொகூரில் காற்பந்து விளையாடும் மாணவர்கள் பலருக்கும் ஓர் ஏக்கம் உண்டு. பள்ளிக் குழுவில் இடம் கிடைத்துவிட்டது. மாவட்ட அளவிலும் ஆடியாகிவிட்டது. ஆனால், மாநிலக் குழுவின் தேர்வாளரோ பல்கலைக்கழகப் பயிற்றுநரோ நம் ஆட்டத்தைப் பார்க்க வருவாரா? வந்தால் நம்மிடம் எதைக் கவனிப்பார்?

இதற்கான பதிலை ஒரு தேர்வாளரின் வாழ்க்கையிலேயே தேடலாம். அவர் பெயர் சையது அப்துல் ரகீம். இந்தியக் காற்பந்து உலகம் அவரை ரகீம் சாகிப் என்று மரியாதையோடு அழைத்தது.

1909 ஆகஸ்டு 17ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தவர் ரகீம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது அதன் காற்பந்துக் குழுவில் ஆடினார். பட்டம் பெற்றபின் அவர் தேர்ந்தெடுத்தது ஆசிரியர் பணியை. பள்ளிகளில் கற்பித்துக்கொண்டே உடற்கல்வியும் பயின்றார். மாணவனின் பலம் எது, பலவீனம் எது என்று பார்க்கும் ஆசிரியரின் கண் அவருக்குக் கடைசிவரை கைகொடுத்தது.

1940களில் ஐதராபாத் காற்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். ஐதராபாத் நகரக் காவல்துறைக் குழுவுக்கும் பயிற்சியளித்தார். அந்தக் குழு பம்பாயில் நடைபெற்ற ரோவர்ஸ் கிண்ணத்தை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது.

அந்தக் காலத்தில் பந்தைத் தனியே வைத்துக்கொண்டு நான்கு பேரைக் கடந்து செல்பவரையே ரசிகர்கள் கொண்டாடினர். ரகீமின் எண்ணம் வேறு. பந்து உடனுக்குடன் கைமாற வேண்டும், ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் இரண்டு கால்களும் பழக வேண்டும் என்று அவர் விரும்பினார். அதற்காக இளையோருக்குப் புதுமையான போட்டிகளை நடத்தினார். ஒரு போட்டியில் எதிரியை ஏமாற்றிப் பந்தை உருட்டிச் செல்ல அனுமதியில்லை. இன்னொன்றில் பழக்கமில்லாத காலால் மட்டுமே பந்தை உதைக்கலாம்.

இப்படிப்பட்டவரின் கண்ணில் பட்டவர்தான் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத்துக்கு அருகிலுள்ள அம்முகுடாவில் வசித்த ஏழைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. 1950களின் நடுவில் அவர் ஆடியதைக் கண்ட ரகீம், ஐதராபாத்துக்குப் பயிற்சிக்கு வரும்படி அழைத்தார். அழைப்பு வந்துவிட்டது, போய்ச் சேரத்தான் வழியில்லை. தினமும் அவ்வளவு தூரம் சென்றுவர பலராமிடம் காசு இல்லை. நிலைமையை அறிந்த ரகீம், சைக்கிள் வாடகைக்கென்று நாளுக்கு ஒரு ரூபாய் கொடுத்து அவரை வரவழைத்தார். அந்த ஒரு ரூபாய் வீண்போகவில்லை. 1956இல் மெல்பர்ன் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்தியக் குழுவில் பலராமும் இருந்தார்.

தேசியப் பயிற்றுநராக ரகீம் வெற்றியும் தோல்வியும் கண்டவர். 1951இல் புதுடில்லியில் நடைபெற்ற முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈரானை 1-0 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது. அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று படுதோல்வி. குழுவில் பலர் வெறுங்காலோடு ஆடி வந்த காலம் அது. அதன்பின் காலணி அணிந்து ஆடுவது கட்டாயமானது. நான்கு ஆண்டுகளில் நிலைமை மாறியது. மெல்பர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தி, அரையிறுதிக்கு முன்னேறி, நான்காவது இடத்தைப் பிடித்தது அதே இந்தியா.

அவருடைய வாழ்வின் உச்சம் 1962 ஜாகர்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. அப்போது புற்றுநோய் அவரது உடலை அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் தற்காப்பு ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம். தையல் போட வேண்டியதாயிற்று. அவரை ஒதுக்கிவிடாமல் தாக்குதல் வரிசைக்கு மாற்றினார் ரகீம். ஜர்னைல் அரையிறுதியில் ஒரு கோல், இறுதியாட்டத்தில் ஒரு கோல் என்று அடித்து அந்த நம்பிக்கையைக் காப்பாற்றினார்.

செப்டம்பர் 4ஆம் நாள் நடந்த இறுதியாட்டத்தில் எதிரி மீண்டும் தென்கொரியா. அரங்கு நிறைந்த ரசிகர்களும் இந்தியாவுக்கு எதிராகவே குரல் எழுப்பினர். கோல் வாசலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். தொடக்கத்தில் தாக்குதல் ஆட்டக்காரராக இருந்து பின்னர் கோல் காவலராக மாறியவர் அவர். முன்வரிசையில் சைக்கிளில் வந்த அதே பலராம். இந்தியா 2-1 என்று வென்று தங்கம் பெற்றது. அதே போட்டியில் நம் மலாயாக் குழு வெண்கலம் வென்றதும் இங்கே நினைவுகூரத்தக்கது.

ஓராண்டுகூட ஆகவில்லை. 1963 ஜூன் 11ஆம் நாள் ரகீம் காலமானார். இந்தியக் காற்பந்து ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதன்பின் தங்கம் பெறவே இல்லை.

மாணவர்களே, இன்று தேர்வு முறைகள் மாறிவிட்டன. ஜொகூரிலேயே பண்டார் பெனாவாரில் விளையாட்டுப் பள்ளி இருக்கிறது. ஜேடிடி போன்ற கிளப்புகள் இளையோர் குழுக்களை நடத்துகின்றன. ஆட்டத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பவும் முடிகிறது. ஆனால், ரகீம் தேடியவை பழையதாகிவிடவில்லை. உங்கள் இடது காலும் வலது காலும் ஒரேபோல் உழைக்கின்றனவா? தோழன் நல்ல இடத்தில் நிற்கும்போது பந்தை உடனே தருகிறீர்களா? பயிற்றுநர் இடத்தை மாற்றினால் முகம் சுளிக்காமல் ஆடுகிறீர்களா?

இன்னொன்றும் உண்டு. தேர்வுக்குச் செல்லப் பேருந்துக் காசு இல்லை, காலணி கிழிந்துவிட்டது என்பதற்காக வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். உங்கள் விளையாட்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள். தெரிந்தால்தானே அவரால் உதவ முடியும்? பலராமின் கால்களில் திறமை இருந்தது. அது திடல்வரை வந்து சேர ஒரு வாடகைச் சைக்கிள் தேவைப்பட்டது.