கொடுமுடிக் கோகிலம்



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று யூனியன் செயலாளர் கேட்டபோது கொஞ்சம் யோசித்தேன். எல்லோரும் விஞ்ஞானிகளைப் பற்றி எழுதும்போது நான் மட்டும் ஒரு நடிகையைப் பற்றி எழுதினால் சிரிப்பீர்களோ? சிரித்தாலும் பரவாயில்லை, படியுங்கள்.

அவர் கே.பி.சுந்தராம்பாள். காவிரிக்கு இந்தக் கரை நம்ம நாமக்கல் மாவட்டம், அந்தக் கரையில் கொடுமுடி. 1908-ல் அங்கே பரம ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். வயிற்றுப்பாட்டுக்காக ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி! அந்தக் குரல்தான் அவரை நாடக மேடையில் ஏற்றிவிட்டது. மைக் இல்லாத காலம் அது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்கிற மாதிரி பாட வேண்டும். பாடினார்.

இலங்கையில் நாடகம் நடத்தப் போன இடத்தில் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவோடு சேர்ந்து நடித்தார். இருவரும் மேடை ஏறினால் கூட்டம் அலைமோதும். 1927-ல் திருமணம். ஆனால் அந்த வாழ்க்கை நிலைக்கவில்லை. இடையில் மனஸ்தாபம், பிரிவு. 1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது 27, சுந்தராம்பாளுக்கு 25.

வெள்ளைச் சேலை, நெற்றி நிறைய விபூதி, எந்த ஆணோடும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்ற வைராக்கியம். இனி இவருக்கு ஏது மேடை என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். நான் எட்டாவது படிக்கும்போது அப்பா தவறிவிட்டார். அம்மா விசைத்தறிப் பட்டறைக்குத் தார் சுற்றப் போனாள். சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்தில், முன்னால வந்து நிக்காதே என்று அம்மாவைப் பின்னால் அனுப்பினார்கள். அன்று ராத்திரி எங்க பாட்டி அம்மாவை உட்கார வைத்துச் சொன்னதுதான் சுந்தராம்பாள் கதை.

பாட்டி சொன்ன மீதியைக் கேளுங்கள். படத்தில் நடிக்கக் கூப்பிட்டார்கள். ஒரு லட்ச ரூபாய் கொடுங்கள் என்றார். கேட்டவர்கள் ஓடிப்போவார்கள் என்று நினைத்துக் கேட்டதாகச் சொல்வார்கள். ஆனால் கொடுத்துவிட்டார்கள்! 1935-ல் ‘நந்தனார்’ வந்தது. தமிழ் பேசும்படம் பிறந்து நாலே வருஷம் ஆகியிருந்தது. கதாநாயகி வேஷமில்லை, நந்தனார் வேஷமே அவருக்குத்தான். அடுத்து ‘மணிமேகலை’. 1953-ல் ஜெமினியின் ‘ஔவையார்’. அப்போது அவருக்கு ஏறக்குறைய 45 வயது. நடிகைகளுக்கு அக்கா, அம்மா வேஷம் கொடுத்து ஓரங்கட்டுகிற வயதில், படத்தையே தன் தோளில் தாங்கினார். பிறகு ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள், ‘திருவிளையாடல்’ படத்தில் மறுபடியும் ஔவை. பாட்டி அதை டூரிங் டாக்கீஸில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்தாளாம்.

சினிமாவோடு நிற்கவில்லை. சுதந்திரப் போராட்டக் காலத்தில் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். 1951-ல் சென்னை மேல்சபை உறுப்பினரானார். ‘துணைவன்’ படப் பாட்டுக்குத் தேசிய விருது, 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் மறைந்தார்.

ஒன்று கவனித்தீர்களா? நான் சொன்ன பெருமைகளில் முக்கால்வாசி, எல்லாம் முடிஞ்சு போச்சு என்று ஊர் நினைத்த பிறகு வந்தவை. அதற்காக எல்லாப் பெண்களும் வெள்ளை கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது அவர் மனசு, அவர் முடிவு. எங்க அம்மா இன்றைக்கும் கலர்ச் சேலைதான் கட்டுகிறாள், விசேஷ வீட்டில் முன் வரிசையில்தான் உட்காருகிறாள். என் செமஸ்டர் ஃபீஸ் அவள் சுற்றிய தாரில் வந்தது.

நண்பர்களே, அடுத்த முறை ஈரோட்டிலிருந்து கரூர் ரயிலில் போனால், கொடுமுடி ஸ்டேஷன் வரும்போது ஒரு நிமிஷம் செல்போனைக் கீழே வையுங்கள். யாராவது பாடிக்கொண்டு வந்தால் முகத்தைத் திருப்பாமல் கேளுங்கள்.