சரஸ்வதிக்கு சேலை கட்டிய ராஜா! வீட்டுக்கு வீடு சாமி படம் வந்த கதை

வேலூர்:
அக்டோபர் 2 என்றால் எல்லோருக்கும் காந்தி ஜெயந்திதான் ஞாபகம் வரும். 1906-ல் அதே தேதியில் கண்ணை மூடிய இன்னொருவரை பலருக்கும் தெரியாது. ஆனால் அவர் கைவண்ணம் இல்லாத வீடு நம்ம ஊரில் அபூர்வம்.

ஆயுத பூஜை அன்று ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் பட்டறைகளில் மெஷினுக்கு பொட்டு வைத்து, சரஸ்வதி படத்துக்கு மாலை போடுவார்கள். கையில் வீணை, உடம்பில் சேலை, பக்கத்தில் மயில். அந்த உருவத்தை ஊர் ஊராகப் பரப்பியவர் ராஜா ரவிவர்மா.

ராத்திரியில் ரகசிய பாடம்

1848 ஏப்ரல் 29-ந்தேதி திருவனந்தபுரம் அருகே கிளிமானூர் அரண்மனையில் பிறந்தவர். சின்ன வயதில் சுவரெல்லாம் கரியால் கிறுக்கி வைப்பார். பார்த்த மாமா திட்டவில்லை, படம் போட சொல்லிக் கொடுத்தார். 14 வயதில் திருவாங்கூர் மகாராஜா ஆயில்யம் திருநாளிடம் அழைத்துப் போனார்.

அங்கே மதுரைக்காரரான ராமசாமி நாயக்கர்தான் பெரிய ஓவியர். எண்ணெய் வண்ணத்தில் வரையும் வித்தை அவருக்கு கைவந்த கலை. போட்டிக்கு ஆள் வந்துவிடுமோ என்று ரவிவர்மாவுக்கு சொல்லித்தர மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் ராத்திரியில் ரகசியமாக வந்து கற்றுக் கொடுத்தாராம். 1868-ல் அரண்மனைக்கு வந்த வெள்ளைக்கார ஓவியர் ஜென்சனும் பாடம் எடுக்கவில்லை. பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விட்டார். பார்த்தே பிடித்துக் கொண்டார் ரவிவர்மா.

சென்னையில் தங்கப் பதக்கம்

1873-ல் சென்னை கண்காட்சியில், தலையில் பூ சூடும் நாயர் பெண் படத்துக்கு கவர்னரின் தங்கப் பதக்கம். அதே படம் ஆஸ்திரியாவின் வியன்னா நகரிலும் பரிசு வாங்கியது. அப்புறம் அவர் வரைந்த தமிழ்ப் பெண் படம், 1875-ல் இந்தியா வந்த இங்கிலாந்து இளவரசருக்கு பரிசாகப் போனது.

சமஸ்தான ராஜாக்கள் தங்களை வரையச் சொல்லி வரிசையில் நின்றார்கள். பரோடா மன்னர் புராணக் காட்சிகளாக 14 ஓவியங்கள் கேட்டார். தம்பி ராஜராஜ வர்மாவை கூட்டிக்கொண்டு வடநாடு முழுக்க சுற்றி, மக்களின் உடை, நகைகளைப் பார்த்துவிட்டு வந்துதான் வரைந்தார். 1893-ல் சிகாகோ கண்காட்சிக்குப் போன 10 ஓவியங்களும் பாராட்டு பெற்றன.

அச்சகம் போட்டு நஷ்டம்

இவ்வளவும் அரண்மனை சுவரோடு நின்றிருந்தால் நமக்கு என்ன லாபம்? இந்தப் படங்களை அச்சடித்து எல்லோருக்கும் கிடைக்கச் செய்யலாம் என்று யோசனை சொன்னவர் திவான் மாதவராவ். கும்பகோணத்தில் பிறந்தவர்.

1894-ல் பம்பாய் காட்கோபரில் அச்சகம் தொடங்கியது. மெஷின், டெக்னீஷியன் எல்லாம் ஜெர்மனி. ஒவ்வொரு கலருக்கும் தனி கல். அதில் உருவத்தை ஏற்றி, ஒன்றின் மேல் ஒன்றாக அடிக்க வேண்டும். ஒரு கல் லேசாக நகர்ந்தாலும் படம் பாழ். முதலில் வெளியானது சகுந்தலை பிறப்பு படம்.

அந்தக் காலத்தில் கோவில் வாசலைக் கூட மிதிக்க முடியாத ஜனங்கள் ஏராளம். திருவாங்கூரில் கோவில் கதவு எல்லோருக்கும் திறந்ததே 1936-ல்தான். அதற்கு 40 வருடம் முன்பே லட்சுமியும் சரஸ்வதியும் காகிதத்தில் ஏறி ஏழை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கும்பிட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஆனால் முதலாளிக்கு கையைக் கடித்தது. பம்பாயில் பிளேக் நோய், அச்சகம் லோனாவாலா பக்கம் மாறியது, கடன் கழுத்தை நெரித்தது. கடைசியில் அங்கே வேலை பார்த்த ஜெர்மன்காரர் ஷ்லைஷரிடமே விற்றுவிட்டார். படங்கள் விற்றுக்கொண்டே இருந்தன, லாபம் அவருக்கு இல்லை. 1905-ல் கூடவே இருந்த தம்பியும் இறந்துபோக, அடுத்த வருடமே 58 வயதில் கிளிமானூரில் காலமானார்.

அச்சகம் 1972-ல் தீயில் கருகியது. அவர் ஓவியங்களை 1979-ல் மத்திய அரசு தேசிய கலைச் செல்வமாக அறிவித்தது. வெளிநாட்டுக்கு விற்க முடியாது. 2013-ல் புதன் கிரகத்தின் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். கோவில்பட்டி கொண்டையராஜு காலண்டரில் சாமி படம் வரைந்து புகழ் பெற்றதும் இவர் போட்ட பாதையில்தான் என்பது குறிப்பிடத்தக்கது.