வயிற்றைக் கலக்கும் டென்ஷன்... ஆனாலும் 13 பட்டங்கள்: யார் இந்த பாபி ஜோன்ஸ்?

காலையில முக்கியமான இன்டர்வியூ. இட்லி தொண்டையில இறங்க மாட்டேங்குது. நமக்கு மட்டும்தான் இப்படியா என்று தோன்றும். கோல்ஃப் உலகின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றான பாபி ஜோன்ஸுக்கும் பெரிய போட்டி வந்தால் இதே கதைதான்.

1902-ல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் பிறந்தவர். சின்ன வயதில் நோஞ்சான். 14 வயதிலேயே, 1916-ல், யு.எஸ். அமெச்சூர் போட்டியில் காலிறுதி வரை போய்விட்டார். அடுத்த சாம்பியன் இவர்தான் என்று ஊரே எதிர்பார்த்தது. ஆனால், அடுத்த ஏழு வருஷம் ஒரு தேசியப் பட்டம்கூட கைக்கு வரவில்லை.

திறமையில் குறையில்லை. கோபம்தான் பிரச்சினை. அடி தப்பினால் மட்டை பறக்கும். 1921-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் மணல் குழியில் பந்து சிக்கிக்கொள்ள, வெறுத்துப்போய் பாதியிலேயே போட்டியைக் கைவிட்டார். அந்த அவமானம் நெடுநாள் அவரை உறுத்தியது.

திருப்பம் வந்தது 1923 யு.எஸ். ஓபனில். நியூயார்க் அருகே இன்வுட் மைதானம். வெற்றி கைக்கு எட்டிய நேரத்தில் கடைசி மூன்று குழிகளில் சொதப்பினார். ஸ்கோர் சமனாகி, மறுநாள் பாபி குரூக்‌ஷாங்குடன் பிளே-ஆஃப். தனக்கு சாம்பியன் ஆகும் தகுதி இருக்கிறதா என்ற சந்தேகத்தோடுதான் ஜோன்ஸ் களமிறங்கினார். 17 குழிகள் முடிந்தும் சமன். கடைசிக் குழியில் பந்து புல்வெளிக்கு வெளியே கரடுமுரடான தரையில் கிடந்தது, எதிரே தண்ணீர். பத்திரமாக முன்னால் தட்டிவிடலாம். ஜோன்ஸ் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. மட்டையை எடுத்தார், அடித்தார். தண்ணீரைத் தாண்டிய பந்து கொடிக்குச் சில அடி தூரத்தில் போய் நின்றது. முதல் பெரிய பட்டம்!

இன்னொரு விஷயமும் அவருக்குப் பிடிபட்டது. கோல்ஃபில் ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதன் பெயர் 'பார்'. பக்கத்தில் ஆடுபவர் திடீரென்று பிரமாதப்படுத்துவார், திடீரென்று சறுக்குவார். அவரைப் பார்த்து ஆடினால் நம் மனசும் கூடவே ஏறி இறங்கும். பார் அப்படியில்லை, எப்போதும் ஒரே மாதிரி. எனவே எதிராளியை மறந்துவிட்டு, பாரோடு மட்டும் மோதப் பழகினார்.

இதனால் டென்ஷன் போய்விட்டதா? இல்லவே இல்லை! போட்டி நாட்களில் சாப்பாடு இறங்காது. வெறும் டோஸ்ட், டீ. ஒரே வாரத்தில் 5 கிலோவுக்கு மேல் எடை குறைந்ததும் உண்டு. 1926 யு.எஸ். ஓபனின் கடைசி நாள் காலையில் வாந்தி எடுத்துவிட்டுத்தான் மைதானத்துக்குப் போனார். அன்று மாலை கோப்பை அவர் கையில். ஒரே ஒரு அடி வித்தியாசம்.

1923 முதல் 1930 வரை 13 பெரிய பட்டங்கள். 1930-ல், அன்றைய நான்கு பெரிய போட்டிகளையும் ஒரே ஆண்டில் வென்றார். இத்தனைக்கும் கடைசி வரை அமெச்சூர். பரிசுப் பணம் வாங்கியதில்லை. தொழில் வக்கீல்.

அதே ஆண்டு, 28 வயதில், போதும் என்று போட்டிகளிலிருந்து விலகினார். உடம்பும் மனசும் கொடுத்த விலை அவருக்குத்தான் தெரியும். பிறகு அகஸ்டா மைதானத்தை உருவாக்கினார். 1934-ல் அங்கே தொடங்கிய போட்டிதான் இன்றைய மாஸ்டர்ஸ்.

பின்னாளில் தண்டுவட நோய் அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தது. 1971 டிசம்பர் 18-ல் காலமானார். அதற்கு 13 ஆண்டுகள் முன்பு, 1958-ல், செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரம் அவரை அழைத்து கௌரவக் குடிமகன் ஆக்கியது. 1921-ல் பாதியில் விலகிப் போனாரே, அதே ஊர்தான்.