தேக்கு நட்ட உட் துரை



போன மழைக்கு எங்க வீட்டு நிலவு இத்துப்போச்சு. தேக்குன்னு நம்பித்தான் அப்பா வாங்கினார். ஆசாரி வேலை பார்த்த எங்க அப்பாரு அதைத் தட்டிப் பார்த்துட்டு, தேக்குதான், ஆனா வைரம் பாயாத இளங்கட்டைன்னு சொன்னாங்க. நடுவில் இருக்கும் வைரக்கட்டையில்தான் எண்ணெயும், கரையானுக்கும் பூஞ்சைக்கும் ஆகாத பொருட்களும் ஊறியிருக்கும். வெளிப்புற வெள்ளைக் கட்டையில் அது கிடையாது. வைரம் நன்றாகப் பாயப் பல வருஷம் ஆகுமாம். அப்போதுதான் அப்பாரு எனக்கு ஹியூகோ உட் பற்றிச் சொன்னாங்க.

மழையிலும் வெயிலிலும் தேக்கு சீக்கிரம் கெடாது. அதனால் வெள்ளைக்காரர்கள் நம்ம ஆனைமலைத் தேக்கைக் கப்பல் கட்டப் பம்பாய்க்குக் கொண்டுபோனார்கள். பிறகு ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலீப்பர் கட்டைக்கும் வெட்டினார்கள். யானைகள் இழுத்து வரும் மரங்களை மலை உச்சியிலிருந்து சரிவில் உருட்டி விடுவார்களாம். அதனால்தான் அந்த இடத்துக்கு டாப்சிலிப் என்று பெயர் வந்தது. வெட்டினார்களே தவிர, அதே அளவுக்கு நடவில்லை. காடு மொட்டையாகிக்கொண்டே வந்தது.

1915 வாக்கில் உட் இங்கே வன அதிகாரியாக வந்தார். உட் என்றால் ஆங்கிலத்தில் மரம்! பேருக்கேத்த வேலை. மரத்தை வேரோடு பிடுங்கக் கூடாது, அடிக்கட்டையை விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்று அவர் திட்டம் போட்டார். வெட்டிய இடங்களில் புதிதாகத் தேக்கு நட வைத்தார். நடந்து போகும்போதெல்லாம் கைத்தடியால் குழி குத்தி, பையிலிருந்து விதை எடுத்துப் போடுவார் என்று எங்க பக்கம் கதையாகச் சொல்வாங்க.

அவரை அனுப்பிய அரசாங்கத்துக்கு வேண்டியது மரம்தான். பலவகை மரம் இருந்த காட்டில் தேக்கை மட்டும் நட்டால் மற்ற உயிர்களுக்குக் கஷ்டம் என்று இப்போது சொல்கிறார்கள். அதோடு, காடர், மலசர் போன்ற மலைவாழ் மக்களின் உழைப்பு இல்லாமல் அந்தக் காட்டில் எந்த வேலையும் நடந்திருக்காது. இதையும் நாம் மறக்கக் கூடாது.

பிற்காலத்தில் அவர் குன்னூரில் இருந்தார். 1933-ல் அங்கேயே இறந்தார். தன்னை ஆனைமலைத் தேக்குகளுக்கு நடுவில்தான் புதைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அப்படியே டாப்சிலிப்பில் அடக்கம் செய்தார்கள். அப்பாகூடப் போய் நான் அந்தச் சமாதியைப் பார்த்தேன். சுற்றிலும் உயர உயரமாய்த் தேக்கு. நட்ட கன்று வைரம் பாய்வதற்குள் நட்டவருக்கு ஆயுள் முடிந்துவிட்டது. தான் வெட்டப் போவதில்லை என்று தெரிந்தேதான் நட்டிருக்கிறார்.

எங்க வரப்பில் நான் பிறந்த வருஷம் அப்பாரு நட்ட தேக்கு ஒன்று இருக்கு. புது நிலவுக்குக் காசு வேணும்னு அதை விற்கலாமான்னு அப்பா யோசிச்சார். டாப்சிலிப் போய் வந்த அன்னைக்கு ராத்திரி, அதை இன்னும் நாற்பது வருஷம் விடலாமான்னு நான் கேட்டேன். அப்பா ஒன்னும் சொல்லலை. மறுநாள் காலையில் அதுக்கு ஒரு குடம் தண்ணி ஊத்திட்டு வந்தார்.

நீங்களும் உங்க வீட்டில் ஒரு மரம் நடுங்கள் தோழிகளே.

ஒன்பதாம் வகுப்பு மாணவி