சடக்குக் காடியைப் பந்தயத்துக்குத் தேற்றிய பென்ட்லி

பென்ட்லி என்ற காடியின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஆரம்பத்தில் ரயில் பட்டறையில் தொழில் பழகியவர் என்பது உங்களுக்குத் தெரியுமா?

வால்டர் ஓவன் பென்ட்லி 1888-ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. வசதியான வீட்டுப் பையன்தான். ஆனால் ரயில் என்றால் உயிர். பதினாறு வயதில் டான்காஸ்டர் ரயில் பட்டறையில் சேர்ந்து கையில் கரி படிய வேலை பழகினார். 1919-இல் சொந்தமாகக் காடி கம்பெனி தொடங்கினார்.

1923-இல் பிரான்ஸ் நாட்டின் லெமான் நகரில் முதன்முதலாக 24 மணி நேரப் பந்தயம் வைத்தார்கள். ஜான் டஃப் என்பவர் தம்முடைய 3 லிட்டர் பென்ட்லியோடு அதில் இறங்கப் போவதாகச் சொன்னார். பென்ட்லிக்கு அது பைத்தியக்கார வேலையாகப் பட்டது. ராத்திரி பகலாக ஓடினால் எந்தக் காடிதான் தாங்கும்? இருந்தாலும் மனசு கேட்கவில்லை, பார்க்கக் கிளம்பிவிட்டார்.

அங்கே சடக்கெல்லாம் கல்லும் புழுதியும். நம் தோட்டத்துச் சடக்கை நினைத்துக்கொள்ளுங்களேன்! கல் தெறித்து ஒரு விளக்கு உடைந்தது. இன்னொரு கல் எண்ணெய்த் தொட்டியை ஓட்டை போட்டது. டஃப் காடியை விட்டுவிட்டுக் கால்நடையாகவே திரும்பி வந்தார். கூட்டாளி கிளெமென்ட் சைக்கிளில் எண்ணெய் கொண்டுபோய், ஓட்டையை அடைத்து, காடியை மறுபடி ஓட்டினார். பிரேக்கோ பின் சக்கரத்துக்கு மட்டும்தான். அப்படியும் நான்காம் இடம்!

பென்ட்லி சும்மா இருப்பாரா? பந்தய விதிப்படி, கடையில் விற்கும் காடிதான் ஓட வேண்டும். மட்கார்டு, விளக்கு எதையும் கழற்றக் கூடாது. அதனால் உடைந்த இடத்தை மட்டும் பார்த்துப் பார்த்துத் திருத்தினார்கள். விளக்குக்குக் கம்பி வலை, தொட்டிக்குக் கல் படாத மறைப்பு, முன் சக்கரத்துக்கும் பிரேக்கு. 1924-இல் அதே டஃபும் கிளெமென்டும் முதலிடம் பிடித்தார்கள்.

1927-இல் நடந்ததுதான் பெரிய கூத்து. இருட்டில் மூன்று பென்ட்லிகளும் ஒரே வளைவில் மோதிக்கொண்டன. இரண்டு அங்கேயே முடிந்தன. மூன்றாவது, ஒற்றை விளக்கோடும் நெளிந்த மட்கார்டோடும் விடிய விடிய ஓடி ஜெயித்தது. 1928, 1929, 1930-இலும் பென்ட்லிக்கே வெற்றி.

ஆனால் கம்பெனியின் கல்லாவில் காசு இல்லை. 1931-இல் அது ரோல்ஸ் ராய்ஸ் கைக்குப் போனது. பென்ட்லி அங்கேயே சம்பளத்துக்கு வேலை பார்த்தார். தம் பெயர் போட்ட காடியை உருவாக்கும் வேலை அவரிடம் தரப்படவில்லை. 1935-இல் விலகி லகோண்டா கம்பெனிக்குப் போனார். அங்கே அவர் உருவாக்கிய பன்னிரண்டு சிலிண்டர் காடிகள் 1939-இல் அதே லெமானில் மூன்றாவதாகவும் நான்காவதாகவும் வந்தன. 1971-இல் காலமானார்.