தோடியில் வாழும் இராசரத்தினம்

நாகசுவரச் சக்கரவர்த்தி எனப் போற்றப்பெற்ற டி.என். இராசரத்தினம் பிள்ளை 1898ஆம் ஆண்டு பிறந்தார். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை அவரைத் தம் மகனாக ஏற்றார். இளமையில் வாய்ப்பாட்டுப் பயின்றமையால், பின்னாளில் அவர்தம் சீவாளியில் பாடகரின் குழைவு பிறந்தது. திருவாவடுதுறை ஆதீன வித்துவானாகவும் அவர் விளங்கினார்.

உயர்ந்த சுருதியுடைய திமிரி நாகசுவரம் கோயில் வீதிக்கு ஏற்றது. சபைக்கோ அதன் ஒலி கூர்மை மிக்கது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கைத்திறத்தால் உருவான, நீண்டு தாழ்ந்த சுருதியுடைய பாரி நாகசுவரத்தை அவர் மேடையில் நிலைபெறச் செய்தார். வீதியில் நின்று ஊதிய கலைஞர், அரங்கில் அமர்ந்து பாடகர்க்கு நிகரான மதிப்பைக் கோரினார். 1940இல் 'காளமேகம்' திரைப்படத்தில் நடித்தார்.

மணிக்கணக்கில் விரியும் அவரது தோடி ஆலாபனையை இசைத்தட்டு சில நிமிடங்களுக்குள் அடக்கியது. ஆயினும், விரிவை இழந்த அவ்வடிவிலும் இராகத்தின் உயிர் குன்றவில்லை. சொற்சுருக்கம் பயிலும் கவிஞர்க்கு அது நல்ல பாடம். ஆண்டிபட்டித் திருமண வீடுகளில் பேச்சொலிக்கு நடுவே நாகசுவரம் கேட்டுப் பழகியோர், அத்தோடியை அமைதியில் ஒருமுறை கேட்டல் வேண்டும். 1956 திசம்பரில் அவர் மறைந்தார். அவர்தம் மூச்சு இன்றும் அப்பதிவில் ஒலிக்கின்றது.